அச்சிமுகம்மது கண்ட பிறை

அந்த ஊரில் தொழாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மீன் ஏற்றிக்கொண்டு கல்முனைச் சந்தைக்குப் போகிறவன் நண்பகல் லுஹரைத் தவறவிடுவான். வயலில் காவல் கிடப்பவன் விடியற்காலைச் சுபஹைத் தவறவிடுவான். சிலர் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பக்கம் தலை காட்டுவார்கள், சிலர் பெருநாளுக்குப் பெருநாள். கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. இடுப்பு வலி, வேலை நெருக்கடி, ஷைத்தானின் ஊசாட்டம். ஊர் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும். வட்டவிதானை அச்சிமுகம்மதுவிடம் மட்டும் சொல்வதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

வட்டவிதானை என்றால் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தை நோக்கி விரிந்து கிடந்த முந்நூறு ஏக்கருக்கு எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பதினொரு வருடங்களாக அந்த வேலையைச் செய்துவந்தார். பெரிய நிலக்காரரான போடியாரின் வயல் என்று அவர் ஒரு நாழிகை கூடுதலாகத் திறந்துவிட்டதில்லை. ஆம்பிளை இல்லாத வீட்டு வயல் என்று குறைத்ததுமில்லை. அவர் வாயிலிருந்து பொய் வந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஐம்பத்துமூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது. மரைக்கார்மார் கூடி மழைத் தொழுகைக்கு ஏற்பாடு செய்தார்கள். மரைக்கார்மார் என்பவர்கள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் குடித்தலைவர்கள். அவர்களில் மூத்தவர் சீனிமுகம்மது மரைக்கார். குறித்த நாளில் ஊர் முழுக்க வயல்வெளியில் திரண்டது. தொழுவிக்க வந்த பள்ளிவாசல் இமாம் ஷரிபுதீன் லெப்பை, அச்சிமுகம்மது மட்டும் வாய்க்கால் மதகுக்குள் இடுப்பளவு சேற்றில் இறங்கி நிற்பதைக் கண்டார்.

"விதான, எல்லாரும் துஆ கேக்க வந்திரிக்காங்க. நீங்க அதுக்குள்ள என்ன செய்றீங்க?"

"மதகுல புல்லும் பாசியும் அடைச்சிக் கிடக்கு லெப்ப. இத எடுக்காட்டி மழ பேஞ்சாலும் தண்ணி வயலுக்கு வராது."

"அதப் பொறகு பாப்பம். துஆவுல ஒங்களுக்கு நம்பிக்க இல்லயா?"

"இல்ல லெப்ப."

லெப்பை சிரித்துவிட்டார். "அல்லாட மேலயாவது நம்பிக்க இரிக்கா?" என்று பகிடியாகக் கேட்டார்.

அச்சிமுகம்மது மண்வெட்டியை மதகின் மேல் வைத்தார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் என்ன என்று யோசித்தார். அந்த இடத்தில் "அஸ்தஃபிருல்லாஹ், இதென்ன கேள்வி" என்று சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுத் தொழப் போயிருப்பார்கள். அவர் யோசித்ததுதான் பிழையாகப் போயிற்று.

"அதுவும் இல்ல லெப்ப. கனகாலமா யோசிச்சிப் பாத்தன். இல்ல."

லெப்பைக்குப் பின்னால் முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். முந்நூறு பேருக்கும் அது கேட்டது.

மழை பெய்யாததற்கு அன்றே ஊருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவர் ஏன் இப்படியானார் என்பதற்குத்தான் பல காரணங்கள் உலவின. கொழும்பிலிருந்து வந்த சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் காதில் எதையோ ஓதிவிட்டான் என்றார்கள். மதகடியில் கிடந்த ஜின் பிடித்துவிட்டது என்றார்கள். அந்த மனிதர் வருடக்கணக்காக வயல் வரம்பில் தனியாக உட்கார்ந்து தண்ணீர் போவதைப் பார்த்தபடி இதைப் பற்றி யோசித்திருக்கிறார் என்பதை யாராலும் நம்ப முடியவில்லை. யோசித்து ஒருவன் கெட்டுப்போவானா?

மரைக்கார்மார் கூடி அவரை ஊரைவிட்டு விலக்கிவைத்தார்கள். கலியாணத்துக்கு அழைப்பில்லை, கந்தூரிச் சோற்றில் பங்கில்லை, யாரும் அவரோடு கதைக்கக் கூடாது, அவர் வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. வட்டவிதானை வேலையையும் பறிக்க வேண்டும் என்று சீனிமுகம்மது மரைக்கார் முழங்கினார். அந்த இடத்தில்தான் கூட்டம் தடுமாறியது. வேறு யாரைப் போடுவது? மரைக்காரின் தம்பியைப் போட்டால் மரைக்காரின் வயலுக்குத்தான் தண்ணீர் போகும் என்று மற்ற ஆறு பேரும் நினைத்தார்கள். அந்த ஆறு பேரின் ஆட்களைப் பற்றி மரைக்காரும் அப்படியே நினைத்தார். முடிவில், விலக்கு, ஊரையும் வயலையும் பிரிக்கும் பெரிய வாய்க்கால் பாலம் வரைக்கும்தான் செல்லும் என்று தீர்ப்பானது. பாலத்துக்கு இந்தப் பக்கம் அவர் காபிர். பாலத்தைத் தாண்டினால் வட்டவிதானை. அன்றிலிருந்து ஊரார் பாலம் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள், தாண்டியதும் "விதான, எப்பிடிச் சுகம்?" என்றார்கள்.

முடி வெட்டுகிற ஒஸ்தாவுக்கும் தடை போடப்பட்டிருந்தது. அதனால் அச்சிமுகம்மதுவுக்குத் தாடி வளர்ந்தது. ஆறு மாதத்தில் ஒரு சாண் ஆனது. வெளியூரிலிருந்து நெல் வாங்க வருகிறவர்கள் அவரை மார்க்கம் படித்த ஆலிம் என்று நினைத்து எழுந்து நின்று ஸலாம் சொன்னார்கள்.

ஷரிபுதீன் லெப்பை அவர் மனைவி ஹாஜறாவிடம் போனார். லெப்பை அந்த ஊர்க்காரர் அல்லர். பாலமுனையில் பிறந்து, காலி நகரில் மார்க்கம் ஓதி, மரைக்கார்மார் கொடுத்த ஓலை வீட்டில் தனியாக இருந்தவர். மார்க்க நூலான கிதாபில் இருப்பதை இருக்கிறபடி சொல்வார்.

"தங்கச்சி, ஒங்கட மாப்புள ஈமான விட்டுட்டார். நிக்காஹ் முறிஞ்சி போச்சி. அவர வீட்ட விட்டு அனுப்பணும். சொல்றது என்ட கடம."

அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு ஹாஜறாவின் சீதன வீடு. அவள் ஐந்து நேரமும் தவறாமல் தொழுகிறவள். லெப்பை சொன்னதை முழுவதும் கேட்டாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"லெப்ப, பத்தொன்பது வருசமா இந்த மனிசனோட இரிக்கன். ஒரு பொய் சொன்னதில்ல, ஒரு நாள் கை நீட்டினதில்ல. நோம்பு காலத்துல சஹருக்கு அவர்தான் எழும்பிச் சோறாக்கி என்னய எழுப்புறார். அவர் தொழாததுக்கு அல்லா அவரக் கேப்பான். நான் அஞ்சு நேரமும் அவருக்காகத்தான் துஆ கேக்கன். ஆளத் துரத்திட்டு யாருக்குக் கேக்கிற?"

லெப்பைக்கு அதற்குக் கிதாபில் பதில் இருந்தது. ஆனால் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

இரண்டு வருடங்கள் இப்படியே போயின.

ஐம்பத்தைந்தில் நோன்பு சித்திரையிலும் வைகாசியிலுமாக வந்தது. மேற்கிலிருந்து கச்சான் காற்று நெருப்பாக வீசியது. இருபத்தொன்பது நோன்பும் ஊருக்கு நாக்கு வறண்டு கழிந்தது. இருபத்தொன்பதாம் நாள் மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு.

அந்தப் பெருநாளுக்குச் சீனிமுகம்மது மரைக்கார் எல்லாரையும்விட ஆவலாக இருந்தார். அவருடைய மகள் ஹப்ஸாவின் நிக்காஹ் பெருநாளன்று என்று நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வந்துவிடுவார்கள். பிறை தெரிந்தே தீரும் என்ற நம்பிக்கையில் இறைச்சிக்காரன் ஆதம்பாவா பின்னேரமே மூன்று மாடுகளை அறுத்துவிட்டான். அந்த வெக்கையில் இறைச்சி ஒரு நாள் தாங்கும், இரண்டு நாள் தாங்காது.

மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு பாட்டம் இடிமழை கொட்டியது. கொழும்பிலிருந்து பிறைச் செய்தி கொண்டுவரும் தந்திக்கம்பி எங்கோ அறுந்துபோனது. பள்ளிவாசல் றேடியோவின் பற்றரி ஏற்கெனவே செத்திருந்தது. மழை விட்டும் மேகம் விடவில்லை. ஊரே பள்ளிவாசல் முற்றத்தில் கூடி, தென்னை மரங்களுக்கு மேலே கறுத்துக் கிடந்த மேற்கு வானத்தைக் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் அச்சிமுகம்மது இரண்டு மைலுக்கு அப்பால், மதகடியில் நின்றார். மழையில் வரம்பு ஒன்று உடைத்துக்கொண்டதைப் பார்க்க நீர்ப்பாசன ஓவசியர் நேசராசாவும் வந்திருந்தார். நேசராசா கல்முனைக்காரர், மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவர். இருவரும் மண் அடைத்து முடித்துச் சைக்கிளை எடுக்கும்போது, மலைக்கு மேலே மேகம் ஒரு சேலைக் கிழிசலைப் போல விலகியது.

"விதானையார், அங்க பாருங்க! உங்கட பிறை."

"என்ட பிறையா?"

"பின்ன, எங்கட பிறையா? நாளைக்கு எனக்கு வட்டிலப்பம் வரும்."

நூல் போன்ற பிறை. ஏழெட்டு நிமிடம் தெளிவாக நின்றது. இருவரும் சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்கள். அச்சிமுகம்மதுவுக்குப் பிறையைப் பிடிக்கும். ஹாஜறா சந்தோசப்படுவாள் என்றும் நினைத்துக்கொண்டார். மேகம் மூடியதும் இருவரும் கிளம்பினார்கள்.

அவர் வீட்டுக்கு வந்தபோது ஹாஜறா நோன்பு திறந்து, அந்திநேர மஃரிபும் தொழுதுவிட்டுக் கஞ்சிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பிறை ஏதும் தெரிஞ்சா?"

"ஓம். மதகடியில நிக்கக்குள்ள கண்டன். ஓவசியரும் கண்ட."

உண்மையா என்று ஹாஜறா கேட்கவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். வேலியோரம் போய், "உம்மு ராத்தா! நாளைக்குப் பெருநாள்!" என்று குரல் கொடுத்தாள். அடுத்த வீட்டு உம்மு இரண்டு வருடங்களாக ஹாஜறாவோடு கதைத்ததில்லை. அதையெல்லாம் அவள் அந்தக் கணத்தில் மறந்துவிட்டாள். "யாரு கண்ட?" என்று கேட்கவும் மறந்து தெருவுக்கு ஓடினாள். பின்னால் வேலியோரம் விசாரிக்க வந்தவர்களிடம் ஹாஜறா இருவர் பெயரையும் சொன்னாள்.

கால் மணி நேரத்தில் செய்தி பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. முற்றத்தில் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மரைக்கார் லெப்பையைக் கட்டிப்பிடித்தார்.

"பிறை கண்டது யாரு?" என்று அந்தப் பிடிக்குள்ளிருந்தே லெப்பை கேட்டார்.

"வட்டவிதான," என்றான் செய்தி கொண்டுவந்தவன்.

கட்டிப்பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள்.

"அப்ப பிறை இல்ல," என்றார் லெப்பை. "பெருநாள் பிறைக்கு நீதமான முஸ்லிம் ஆம்பிளயள் ரெண்டு பேர் சாட்சி சொல்லணும். காபிர்ட சாட்சி செல்லாது."

"ஓவசியரும் கூட நிண்டு கண்டிரிக்காராம்," என்றான் ஒருவன்.

"அவர் கிறிஸ்தவர். நாளைக்கும் நோம்பு."

முற்றத்தில் ஒரு முனகல் எழுந்தது. மரைக்காருக்கு மூன்று மாடுகளும் கண்முன் வந்து நின்றன.

"லெப்ப, அவர்ர கண்ணு நல்லாத்தான இரிக்கு?"

"கண்ணு நல்லம். ஈமான் இல்ல."

"ஈமான் இல்லெண்டு யாரு சொன்ன?"

"நீங்கதான் மரைக்கார். ரெண்டு வருசத்துக்கு முந்தி, இந்த இடத்துலயே நிண்டு."

"அது கோவத்துல சொன்ன! கோவத்துல சொன்னதயெல்லாம் பெரிசா எடுக்கிறதா?" மரைக்கார் கூட்டத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க பாப்பம். அச்சிமுகம்மது முஸ்லிம் இல்லயா?"

ஊருக்கு ஒரு வழி திறந்தது. ஒருவர் பின் ஒருவராக முன்னால் வந்தார்கள். வட்டவிதானை பிஸ்மி சொல்லித்தான் மதகு திறக்கிறார், தன் காதால் கேட்டிருக்கிறேன் என்றார் ஒரு போடியார். நோன்பு மாதத்தில் அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்து யாரும் கண்டதில்லை என்றான் இன்னொருவன். சஹருக்கு அந்த வீட்டில்தான் முதலில் விளக்கு எரிகிறது என்றார் பாங்கு சொல்லும் மோதினார். கடைசியாக ஒஸ்தா எழுந்தார். "அந்தத் தாடியப் பாருங்க," என்றார் உருக்கமாக. "ஈமான் இல்லாதவனுக்கு அப்பிடி ஒரு தாடி வருமா?"

"நாங்க எல்லாரும் அவரப் பிழையா விளங்கிட்டம்," என்றார் மரைக்கார். அவர் கண் கலங்கியிருந்தது.

லெப்பை அசையவில்லை. "அல்லா ஒருத்தன்தான் எண்டு அவர் வாயால கலிமாச் சொல்லட்டும். பொறகு பாப்பம். அவர் சொன்னாலும் சாட்சி ஒண்டுதான். ரெண்டு வேணும்."

"நானும் ஒரு மாதிரிக் கண்டன்," என்றான் ஆதம்பாவா. "மேகத்துக்குள்ள ஒண்டு மினுங்கின."

மரைக்காரும் ஆதம்பாவாவும் வேறு நான்கு பெரியவர்களும் லெப்பையை நடுவில் விட்டு அச்சிமுகம்மதுவின் வீட்டுக்குப் போனார்கள். மரைக்காரின் மச்சான் பக்கீரும் வந்தார். பக்கீருக்கு இரண்டு கண்ணிலும் புரை. நான்கு வருடங்களாக யாராவது கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும்.

ஹாஜறா அவர்களைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. பாய் விரித்தாள். கஞ்சிக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு வருடங்களாக அந்த வீட்டில் கை நனைக்காதவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு குடித்தார்கள். மரைக்கார் இரண்டு கோப்பை குடித்தார். லெப்பை மட்டும் தொடவில்லை.

"மச்சான்," என்றார் மரைக்கார் அச்சிமுகம்மதுவிடம், வாயைத் துடைத்துக்கொண்டு. "நடந்ததெல்லாம் மறந்திடுங்க. ஒரு கலிமாச் சொல்லுங்க, போதும். ரெண்டு வரி. எங்கட ஹப்ஸாட கலியாணம்."

"பிறை கண்டத எப்பவும் சொல்லுவன் மரைக்கார். கலிமாவும் எனக்கு வாய்ப்பாடம்தான். ஆனா நெஞ்சுல இல்லாமச் சொன்னா அது கலிமாவா?" அவர் லெப்பையின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க லெப்ப."

"இல்ல," என்றார் லெப்பை. "அது நயவஞ்சகம். காபிரவிட மோசம்."

மரைக்கார் அவரை முறைத்தார். "லெப்ப, நீங்க எந்தப் பக்கம்?"

மரைக்கார் மறுபடி அச்சிமுகம்மதுவிடம் குழைந்தார். "இவ்வளவு பெரிய பிறையக் கண்ட மனிசன், அதப் படைச்சவன இல்லெண்டு சொல்லலாமா?"

"நான் பிறையத்தான் கண்டன் மரைக்கார். வேற ஒண்டையும் காணல்ல."

"பாத்தீங்களா லெப்ப, எவ்வளவு நேர்ம!" என்றார் மரைக்கார், விடாமல். "இந்த மனிசன் பொய் சொல்லமாட்டார். ஊர்ல யாரயும் கேளுங்க. அவர் பிறை கண்டெண்டு சொன்னா நாங்க நம்புறம்."

"நானும் நம்புறன்," என்றார் லெப்பை. "அப்ப அவர் ஈமான் இல்லெண்டு சொல்றதயும் நம்பத்தான வேணும்?"

இரவுத் தொழுகை இஷாவுக்கு நேரமாகிறது என்று லெப்பை எழுந்து போனார். அவர் தெருமுனையைத் தாண்டும் வரை மரைக்கார் காத்திருந்தார்.

"சரி மச்சான், கலிமா வேணாம். பிறை எந்த இடத்துல நிண்ட?"

"பெரிய மலைக்குக் கொஞ்சம் வடக்கால."

"எவ்வளவு உசரம்?"

"ரெண்டு சாண் இரிக்கும்."

"கொம்பு?"

அச்சிமுகம்மது பாயில் விரலால் வரைந்து காட்டினார். "ரெண்டு கொம்பும் மேல பாத்து, வலப்பக்கம் கொஞ்சம் சாஞ்சி." கேட்ட எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார், எங்கே நின்றார், யாரோடு நின்றார், எதில் போனார், எவ்வளவு நேரம் தெரிந்தது என்பது வரைக்கும். பக்கீர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஓதல் பாடம் பண்ணுவதைப் போல இருந்தது.

"பக்கீர் காக்காக்கு என்னத்துக்கு இதெல்லாம்?" என்று அச்சிமுகம்மது கேட்டார்.

"சும்மா, தெரிஞ்சி வெச்சிக்கத்தான்," என்றார் மரைக்கார். உள்ளே ஹாஜறா சீலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

இஷா முடிந்ததும் சாட்சிகள் எழுந்தார்கள். முதலில் ஆதம்பாவா. பெரிய மலைக்கு வடக்கால, ரெண்டு சாண் உசரம், கொம்பு மேல பாத்து என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துகொண்டான். அடுத்துப் பக்கீரைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பக்கீர் நல்ல மனிதர். பாடம் பண்ணியதை ஒன்றும் விடாமல் ஒப்புவிக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு.

"நான் மதகடியில நிண்ட. ஓவசியர் நேசராசாவும் நிண்டவர். வரம்புக்கு மண் அடைச்சி முடிச்சிச் சைக்கிள எடுக்கக்குள்ள மேகம் விலகின. கொம்பு ரெண்டும் மேல பாத்து, வலப்பக்கம் கொஞ்சம் சாஞ்சி. ஏழெட்டு நிமிசம் நிண்ட."

"நீங்களா மண் அடைச்ச?" என்றார் லெப்பை.

"ஓம் லெப்ப," என்றார் பக்கீர், தூணைப் பார்த்து.

"மதகடிக்கு எப்பிடிப் போன?"

"சைக்கிள்ள."

யாரோ செருமினார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. லெப்பை இருவரையும் அல்லாவின் பேரில் சத்தியம் செய்யச் சொன்னார். இருவரும் செய்தார்கள். லெப்பை தலையைக் குனிந்துகொண்டார். பிறை தெரிந்தது உண்மை என்று அவருக்குத் தெரியும். அதைக் கண்டவர் யார் என்றும் தெரியும்.

"சாட்சி சொன்னவங்க ரெண்டு பேரும் முஸ்லிம்கள், அஞ்சு நேரம் தொழுறவங்க," என்றார் கடைசியில். "சத்தியம் அவங்கட கழுத்துல. நாளைக்குப் பெருநாள்."

"அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கியது.

மறுநாள் பகல் தந்திக்கம்பி சரியானது. நாட்டில் பல இடங்களில் பிறை தெரிந்ததாகக் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. கலியாணப் பந்தலில் அதை வாசித்துக் காட்டினார்கள். எல்லாரும் பக்கீரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அன்றிலிருந்து அவருக்குப் 'பிறை கண்ட பக்கீர்' என்று பெயர். அடுத்த வருடங்களில் பிறை பார்க்கும் மாலைகளில் அவருக்கென்றே முற்றத்தில் ஒரு கதிரை போட்டு, மேற்கே திருப்பி உட்கார வைத்தார்கள்.

ஓவசியர் நேசராசாவும் பந்தலுக்கு வந்திருந்தார். நெய்ச்சோறு பரிமாறும்போது சுற்றிப் பார்த்துவிட்டு, "விதானையார் எங்க, காணல்ல?" என்றார்.

"அவனயா?" என்றார் மரைக்கார். "அவன் காபிரெல்லா."

"அப்பிடிப் பாத்தா நானும்தானே?"

"நீங்க பொறப்புலயே அப்பிடி, ஓவசியர். அதுல ஒரு குத்தமும் இல்ல. இறைச்சி இன்னும் கொஞ்சம் போடட்டா?"

ஹப்ஸாவின் நிக்காஹை நடத்திவைத்த ஷரிபுதீன் லெப்பை அந்தப் பந்தலில் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. கையைக் கழுவாமலே வெளியே வந்து, பட்டப்பகலில், நடுத்தெருவால் நடந்து அச்சிமுகம்மதுவின் வீட்டுக்குப் போனார்.

"தங்கச்சி, சாப்பிட ஏதும் இரிக்கா?" என்றார்.

ஹாஜறா சோறு போட்டாள். இனிப்புக்கு வட்டிலப்பமும் வைத்தாள். லெப்பை சாப்பிட்டுவிட்டு நெடுநேரம் கையைக் காயவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பொய்ச் சாட்சியெண்டு தெரிஞ்சிட்டே ஏத்துக்கிட்டன் விதான."

"பிறை உண்மதான லெப்ப."

"பிறை உண்ம. சாட்சி பொய். நான் மறுமையில ரெண்டுக்கும் பதில் சொல்லணும்." அவர் குரல் இறங்கியது. "ஒரு பேச்சுக்குச் சொல்லல்ல. ஒங்களப் போல ஒரு மனிசன் நரகத்துக்குப் போறத நெனச்சா எனக்கு நித்திர வாறதில்ல."

அச்சிமுகம்மது இரண்டு வருடங்களாக ஊரின் கோபத்தைப் பார்த்துப் பழகியவர். தனக்காக வெளியாள் ஒருவர் கவலைப்படுவது அவருக்குப் புதிது. "ஹாஜறாவும் அப்பிடித்தான் லெப்ப," என்றார். "என்னத்துக்கெண்டுதான் எனக்கு விளங்குதில்ல." சட்டியில் இருந்த வட்டிலப்பத்தை லெப்பையின் பக்கம் தள்ளி வைத்தார்.

பத்து நாள் கழித்து மரைக்கார்மார் கூடினார்கள். லெப்பை மீது குற்றம்: விலக்கப்பட்டவன் வீட்டில் சாப்பிட்டார். சாட்சிகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருவே பார்த்திருந்தது.

செய்தி கேட்டு ஹாஜறா கொதித்தாள். "ஒரு கிழமைக்கு வாய்க்கால அடைச்சிப் போடுங்க. எல்லாரும் வந்து காலுல விழுவாங்க."

"பயிர் என்ன செஞ்ச?" என்றார் அச்சிமுகம்மது. அன்று பின்னேரம், இரண்டு வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக, பள்ளிவாசல் முற்றத்துக்குப் போய் நின்றார்.

"மரைக்கார், நோம்பு முடிஞ்ச அண்டைக்கு நீங்களும்தான் என்ட வீட்டுக்கு வந்தீங்க. எல்லாரும் கஞ்சி குடிச்சீங்க. லெப்ப குடிக்கல்ல. நான் பாத்துக்கிட்டு இரிந்த."

கூட்டம் மரைக்காரைப் பார்த்தது. மரைக்கார் கொஞ்சமும் கலங்கவில்லை.

"அது நோம்புக் கஞ்சி. நோம்புக் கஞ்சிக்கு விலக்கு இல்ல," என்றார். மற்ற ஆறு பேரும் அதுதான் சரி என்றார்கள். அது ஒரு தீர்ப்பாகவே எழுதிவைக்கப்பட்டது. "ரெண்டாவது, நீ சொல்றத நாங்க எடுக்க ஏலா. காபிர்ட சாட்சி செல்லாது. இத லெப்பதான் எங்களுக்குச் சொல்லித் தந்த."

லெப்பை உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தலையாட்டினார். "ஓம், அது சரிதான்," என்றார். மார்க்கச் சட்டத்தில் அவரால் பிழை சொல்ல முடியவில்லை.

லெப்பையைப் பள்ளிவாசல் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பொத்துவில் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு லெப்பை அங்கே போவதென்று முடிவானது. அடுத்த சனிக்கிழமை காலை அவர் ஒரு தகரப் பெட்டியோடு பெருந்தெருவில் நின்றார். வழியனுப்ப அச்சிமுகம்மதுவைத் தவிர யாரும் வரவில்லை. பஸ் பிந்தியது. இருவரும் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

"கடைசியா ஒருக்காக் கேக்கன் விதான. கொஞ்சமும் இல்லயா?"

அச்சிமுகம்மது யோசித்தார். லெப்பை பொறுமையாகக் காத்திருந்தார்.

"இல்ல லெப்ப. இரிந்தா ஒங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவன்."

"சொல்லுவீங்க. எனக்குத் தெரியும்."

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அச்சிமுகம்மது பெட்டியைத் தூக்கி மேலே கொடுத்தார். லெப்பை படியில் ஏறித் திரும்பினார். ஈமானை விட்டவனுக்கு முந்திக்கொண்டு ஸலாம் சொல்லக் கூடாது என்று கிதாபில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பஸ் உறுமியது. கொண்டக்டர் மணியைப் பிடித்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும், விதான."

"வஅலைக்குமுஸ்ஸலாம் லெப்ப. கோமாரிக்கு அங்கால றோட்டு சரியில்லையாம். நல்லாப் பிடிச்சிக்கிட்டு இரிங்க."

ஹாஜறா கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு லெப்பை யன்னலோரம் உட்கார்ந்திருப்பது, பஸ் வளைவில் திரும்பும் வரை தெரிந்தது.